தாலியை ஏற்காத துறைமுகங்கள்

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் கேப் மாகாண உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பை வழங்கினார். வழக்கைத் தொடுத்தவர் ஹசன் எசொப் என்னும் இந்திய முஸ்லிம். கேப் மாகாணத்தில் வதியும் உரிமை அவருக்கு இருந்தது. தமது சமய முறைப்படி மணந்த பாய் மரியம் என்னும் பெண்ணை அவர் அங்கு வரவழைத்தபோது, குடிவரவு அதிகாரிகள் அப்பெண்ணைக் கரையிறங்க விடவில்லை. நீதிமன்றமும் அதிகாரிகளின் பக்கமே நின்றது. பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு சமயத்தின் சடங்குப்படி நடைபெற்ற திருமணத்தைத் தென்னாபிரிக்க ஒன்றியத்தின் சட்டம் திருமணமாக ஏற்காது. ஆகவே பாய் மரியம் குடிவரவுச் சட்டம் கூறும் ‘மனைவி’ அல்லர். இதுவே தீர்ப்பின் சாரம்.

வழக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையது. ஆனால் தீர்ப்பின் தாக்கம் அக்குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களை மணப்பதை இந்து சமயமும் அக்காலத்தில் தடை செய்திருக்கவில்லை. எனவே ஐயர் மந்திரம் ஓத, அக்கினி சாட்சியாக, ஊரும் உறவும் பார்த்திருக்கத் தாலி கட்டப்பட்ட தமிழ்ப் பெண்ணும் அதே தராசில் நிறுக்கப்பட்டாள். அன்று தென்னாபிரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,50,000 பேர். கிறிஸ்தவ முறைப்படி மணம் முடித்தோரும் அரச அதிகாரி முன் பதிவு செய்துகொண்டோரும் நீங்கலாக, மணமான ஏனையோர் அனைவரும் மணமாகாது கூடி வாழ்பவர்கள் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர். அவர்களது பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயிற்று.

மணமாகாத இணைகளுக்கு நீண்டகால வதிவிட அனுமதி வழங்கலாமா என்பது இன்று பல நாடுகளில் எழும் வினா. பழமை பேணும் நாடுகள் பல, மணச் சான்று இன்றேல் அனுமதியும் இல்லை என்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சட்டம் திருத்தப்படும் வரை, மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் வாழ்வதே குற்றமாக இருந்தது. ஆனால் அவ்வினாவுக்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய வேறொரு வினா உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் மணமானவர்களா, மணமாகாதவர்களா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அவர்களா, அவர்களது ஊராரா, அல்லது துறைமுகத்தில் நிற்கும் அதிகாரியா?

எரிந்த வீட்டோடு விவாக அத்தாட்சிப் பத்திரத்தையும் இழந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். இடப்பெயர்வின் நடுவே ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டி, பதிவுக் கந்தோருக்குச் செல்ல வழியின்றி இருந்தவர்களும் உள்ளனர். குடிவரவு அலுவலகத்தின் மேசைக்கு அப்பால் இருப்பவர், “இவர் உமது மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கும்போது, அக்கேள்வி தமக்கு மட்டுமே வந்த அவமானம் என்று அவர்கள் நினைக்கின்றனர். அதற்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் நடுவில் நிற்போர் தமிழ்ப் பெண்கள்.

ஒரே பேரரசு, இருவேறு தீர்ப்புகள்

நீதிபதி சேர்ல் தமது கொள்கையைத் தாமாகப் படைக்கவில்லை. அதன் வேர், 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைபெற்ற ஹைட் எதிர் ஹைட் என்ற வழக்கில் இருக்கிறது. மோர்மன் என்னும் சமயப் பிரிவில் சேர்ந்திருந்து பின்னர் விலகிய ஆங்கிலேயர் ஒருவர், அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் தாம் செய்துகொண்ட திருமணத்திலிருந்து மணவிலக்குக் கோரினார். அவர் மணந்தது ஒரே ஒரு பெண்ணைத்தான். ஆயினும் அக்காலத்து மோர்மன்களிடையே பலதார மணம் அனுமதிக்கப்பட்டிருந்தபடியால், அங்கு நடந்ததைத் திருமணமாகக் கொண்டு மணவிலக்கு வழங்க இயலாது என்று நீதிபதி பென்சான்ஸ் பிரபு மறுத்துவிட்டார். கிறிஸ்தவ உலகு எதனைத் திருமணமென்று விளங்கிக்கொள்கிறதோ அதுவே திருமணம் என்பது அவர் வகுத்த இலக்கணம். ஒருவன் எத்தனை பேரை மணந்திருக்கிறான் என்பது வினாவன்று. அவனது சமயம் எத்தனை பேரை மணக்க இடமளிக்கிறது என்பதே வினா. இந்த நுட்பத்தை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பின்னர் நடந்த போராட்டம் முழுவதும் இதனைச் சுற்றியே நிகழ்ந்தது.

அத்தீர்ப்பு வந்து பதினைந்து ஆண்டுகளின் பின், 1881இல், அதே பேரரசின் அதியுயர் மன்றமான இலண்டன் கோமறைக் கழகத்தின் முன் இலங்கையிலிருந்து தமிழ்க் குடும்பமொன்றின் வழக்கு வந்தது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக ஒன்றாக வாழ்ந்தனர் என்பது நிறுவப்பட்டால், அதற்கு மாறானது தெளிவாக நிறுவப்படும் வரை அவர்கள் முறைப்படி மணந்தவர்களே எனச் சட்டம் அனுமானிக்கும் என்று அக்கழகம் தீர்ப்பளித்தது. பதிவு இல்லை என்பதனால் மட்டும் ஒரு திருமணம் இல்லாமற் போய்விடாது. இவ்வனுமானம் இலங்கைச் சட்டத்தில் நிலைபெற்று, பிற்காலத் தீர்ப்புகள் பலவற்றில் எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது.

இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் பொதுச்சட்டம் ஒன்றே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இரண்டு நாடுகளிலும் விட்டுச் சென்ற உரோம ஒல்லாந்தச் சட்டம் அது. இரண்டையும் பின்னர் ஆண்டதும் ஒரே முடி. அப்படியிருக்க, ஓரிடத்தில் சடங்கும் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையும் போதுமானதாகவும், மற்றோரிடத்தில் அவை எதுவும் போதாததாகவும் ஆனது எப்படி? சட்ட அறிஞர்கள் இதற்கு நுணுக்கமான விளக்கங்கள் தரக்கூடும். எமக்குத் தோன்றுவது எளிய காரணம். இலங்கை வழக்கில் எழுந்தது, ஏற்கெனவே உள்ளே வாழ்பவர்களின் சொத்து யாருக்குச் சேரும் என்ற வினா. கேப் மாகாண வழக்கில் எழுந்ததோ, வெளியே நிற்பவரை உள்ளே விடுவதா என்ற வினா.

கைகள் வேண்டும், அடுப்புகள் வேண்டா

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி டேர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் முதற் கப்பல் அதுவே. 1911ஆம் ஆண்டில் இம்முறை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற அளவிலேயே பெண்கள் பொதுவாகச் சேர்க்கப்பட்டனர். தோட்டத்திற்கு வேண்டியது உழைக்கும் உடல், குடும்பமன்று.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாது அங்கேயே தங்கியவர்களை விரட்டுவதற்கென 1895இல் ஒரு சட்டம் வந்தது. திரும்பிச் செல்லாமலும், மீண்டும் ஒப்பந்தத்திற்குக் கட்டுப்படாமலும் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுண் வரி செலுத்த வேண்டும். 1903இல் இவ்வரி பதினாறு வயதை எட்டிய ஆண்பிள்ளைகள் மீதும், பதின்மூன்று வயதை எட்டிய பெண்பிள்ளைகள் மீதும் விதிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதச் சம்பளம் பத்துச் சிலிங். மூன்று பவுண் என்பது அறுபது சிலிங். அதாவது அரையாண்டுச் சம்பளம். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என நால்வருள்ள வீடு ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுண் கட்ட வேண்டியிருந்தது. குடும்பமாக வாழ்வதற்கு விதிக்கப்பட்ட தண்டம் என்று இதனைக் கூறினால் மிகையாகாது.

கடல் வழியே புதிதாக வருவோருக்கு வேறொரு தடை போடப்பட்டது. 1897ஆம் ஆண்டின் நேட்டால் குடிவரவுச் சட்டப்படி, ஐரோப்பிய மொழியொன்றில் எழுதத் தெரியாதவர் உள்ளே வர முடியாது. இனத்தின் பெயரோ நிறத்தின் பெயரோ அச்சட்டத்தில் கூறப்படவில்லை. ஆயினும் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். உள்ளே வதியும் உரிமை பெற்றவரின் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் இத்தேர்வு இல்லை. இவ்வாறு, பூட்டப்பட்ட கதவுக்கு எஞ்சியிருந்த ஒரே திறவுகோலாக ‘மனைவி’ என்ற சொல் மாறியது. அச்சொல்லின் பொருளைச் சுருக்கினாற் கதவும் சுருங்கும். 1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்தது அதுதான்.

தீர்ப்பு வெளிவந்ததும் காந்தியார் அரசுக்குக் கடிதங்கள் எழுதி, சட்டத்தைத் திருத்துமாறு கேட்டார். அவ்வாண்டு நிறைவேற்றப்பட்ட குடிவரவு ஒழுங்குச் சட்டத்தில் ‘ஒருதாரத் திருமணம்’ என்ற சொற்றொடர் சேர்க்கப்பட்டது. அரசு தன் கடமை முடிந்ததெனக் கருதியது. ஆனால் ஒருதாரம் என்பதன் பொருள் யாது? நடைமுறையில் ஒரே மனைவியோடு வாழ்வதா, அல்லது ஒரே மனைவியை மட்டும் அனுமதிக்கும் சமயத்தைச் சேர்ந்திருப்பதா? இரண்டாவதே பொருளாயின் பாய் மரியத்துக்கும் அவர் போன்றோருக்கும் எந்த மாற்றமும் இல்லை. 1866ஆம் ஆண்டின் நுட்பம் மீண்டும் வாசலில் வந்து நின்றது.

சிறை சென்ற பெண்கள்

அதுவரை நடைபெற்ற சத்தியாக்கிரகப் போராட்டங்களில் பெண்கள் சிறைக்கு அனுப்பப்படவில்லை. இம்முறை இழிவுபடுத்தப்பட்டது பெண்களின் நிலை. 1913ஆம் ஆண்டு மே மாதத்திலேயே டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம், தீர்ப்பின் விளைவு நீக்கப்படாவிடின் தாங்களும் சிறை செல்வோம் என உள்நாட்டு அமைச்சருக்குத் தந்தி அனுப்பியது. செப்டெம்பர் மாதத்தில் ஃபீனிக்ஸ் பண்ணையிலிருந்து புறப்பட்ட பதினாறு பேர், அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து கைதாகினர். அவர்களுள் பெண்கள் நால்வர். காந்தியாரின் துணைவியார் கஸ்தூரிபாயும் ஒருவர். மூன்று மாதக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

அடுத்துப் புறப்பட்டவர்கள் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்கள். பெரும்பாலோர் தமிழர். கைக்குழந்தையோடு சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேசபிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமிப்பிள்ளை என்றவாறே அக்காலப் பட்டியல்கள் அவர்களைக் குறிக்கின்றன. சட்டப்படி மனைவியர் அல்லர் என்று தள்ளப்பட்டவர்கள், வரலாற்றுப் பதிவில் கணவரின் பெயரால் மட்டுமே நிலைத்திருப்பதைக் காணும்போது நெஞ்சு சற்றுக் கனக்கிறது. அவர்களுட் பலரின் சொந்தப் பெயரை அறிய இன்று தனியே தேட வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் எல்லையைக் கடந்து பார்த்தனர். அனுமதிச் சீட்டின்றிக் கூடை வியாபாரம் செய்தும் பார்த்தனர். காவற்றுறையினர் கைது செய்யவில்லை. பெண்களைச் சிறையிலடைத்தால் எழக்கூடிய கொந்தளிப்பை அரசு உணர்ந்திருந்தது போலும். ஆகவே அவர்கள் நேட்டாலின் நியூகாசில் நகருக்குச் சென்றனர். அங்குள்ள நிலக்கரிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தக் கூலிகள் உழைத்துக்கொண்டிருந்தனர். பெண்கள் லயன்களுக்குச் சென்று அத்தொழிலாளரோடு பேசினர். அவர்கள் பேசியது திருமணச் சட்டத்தைப் பற்றியன்று; மூன்று பவுண் வரியைப் பற்றி. தம்மைச் சுட்ட நெருப்பையும் தொழிலாளரைச் சுட்ட நெருப்பையும் ஒன்றாகக் கண்ட அரசியல் அறிவு அது. ஏடறியாப் பெண்கள் என்று பின்னாளில் எழுதியவர்கள் இதனை மனங்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒக்டோபர் நடுப்பகுதியில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒக்டோபர் 21ஆம் திகதி அப்பெண்கள் கைது செய்யப்பட்டு, மூன்று மாதக் கடூழியச் சிறையோடு பீற்றர்மரிற்ஸ்பேர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர். வேலைநிறுத்தம் அடங்கவில்லை, பரவியது. நவம்பர் 6ஆம் திகதி சாள்ஸ்ரவுண் என்ற எல்லைக் கிராமத்திலிருந்து டிரான்ஸ்வாலை நோக்கி நடைப்பயணம் தொடங்கியபோது அதில் 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் இருந்தனர். வழியில் இரண்டு பச்சிளங் குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரும் வெயிலும் தாங்காது இறந்தது. மற்றொன்று, தாய் ஓர் ஓடையைக் கடக்கையில் கையிலிருந்து வழுவி நீரோடு போயிற்று. அத்தாய்மார் அழுதுகொண்டு நின்றுவிடவில்லை. நடந்தனர் என்று காந்தியார் பதிவு செய்திருக்கிறார்.

கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவி, ஏறத்தாழ 20,000 பேர் வேலையை விட்டு நின்றனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நவம்பர் 24ஆம் திகதி இந்திய அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்ச் பிரபு சென்னையில் ஆற்றிய உரையில், தென்னாபிரிக்க அரசை வெளிப்படையாகக் கண்டித்தார். பிரித்தானிய முடியின் பிரதிநிதி ஒருவர், அதே முடியின் கீழுள்ள இன்னோர் அரசை அவ்வாறு கண்டித்தமை அன்று பெரும் அதிர்ச்சியாயிருந்தது.

தில்லையாடி வள்ளியம்மையை அறியாத தமிழர் குறைவு. ஜொகன்னஸ்பேர்க்கில் வாழ்ந்த முனுசாமி முதலியாரின் மகள், பதினாறு வயது. மணமாகாத சிறுமி. மனைவியரின் உரிமைக்கான போராட்டத்தில் அவளுக்கென்று தனிப்பட்ட இழப்பு எதுவும் இருக்கவில்லை. மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்று, சிறையிலேயே கடுங்காய்ச்சலுக்கு ஆளாகி, எலும்பும் தோலுமாக வெளியே வந்தாள். 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி இறந்தாள். மீண்டும் சிறை செல்ல நேரின் செல்வாயா என்று நோய்ப்படுக்கையில் கேட்கப்பட்டபோது, இப்போதே ஆயத்தம் என்று அவள் விடையளித்ததைக் காந்தியார் எழுதியிருக்கிறார். ஜொகன்னஸ்பேர்க்கின் பிராம்ஃபொன்ரெயின் இடுகாட்டில் அவளது நினைவுக்கல்லை அவரே அவ்வாண்டு ஜூலையில் திறந்து வைத்தார். அவளது பெற்றோரின் ஊரான தில்லையாடி, தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ளது. தன் பெயரோடு என்றும் ஒட்டியிருக்கும் அவ்வூர் அவள் பிறந்த ஊரன்று.

பாதி திறந்த கதவு

அரசு நியமித்த சொலமன் ஆணைக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1914ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுண் வரி ஒழிந்தது. இந்தியச் சமயங்களின் குருமாரை விவாகப் பதிவு அலுவலர்களாக நியமிக்க வழி பிறந்தது. முன்னரே சமய முறைப்படி மணந்து, நடைமுறையில் ஒரே மனைவியோடு வாழ்வோர் தம் மணத்தைப் பதிந்துகொண்டால், அது மணநாளிலிருந்தே செல்லுபடியாகும். குடிவரவைப் பொறுத்தவரை, பலதாரத்தை அனுமதிக்கும் சமயமாயினும், அச்சமயப்படி மணந்த பெண் ‘மனைவி’யே; தென்னாபிரிக்காவில் கணவருக்கு வேறு மனைவி இருத்தலாகாது என்பது மட்டுமே நிபந்தனை. ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரோடு இருந்த மிகச் சிலரின் விடயத்தில் இணங்கிப் போவதாக அரசு உறுதியளித்தது. ஜூலை 18ஆம் திகதி காந்தியார் கப்பலேறினார்.

இதனை முழு வெற்றியென்று பாடநூல்கள் கூறும். எமக்கு அது பாதி வெற்றியாகவே தெரிகிறது. தாலிக்கு மதிப்புக் கிடைத்தது உண்மை. ஆயினும் அரச பதிவேட்டின் வழியாகக் கிடைத்த மதிப்பு அது. பதிவு செய்யப்படாத மணம் பழைய இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிந்திய தொண்ணூறு ஆண்டுகள் இதற்குச் சான்று. இனவொதுக்கல் ஆட்சியில், 1953ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இந்தியாவிலிருந்து மணப்பெண்ணை அழைத்துவரும் வழியையே அடைத்தது. 1983இல் நாட்டின் மேன்முறையீட்டு நீதிமன்றம், பலதாரத்துக்கு இடமளிக்கும் சமயத் திருமணம் பொது ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணின் கோரிக்கையைத் தள்ளியது.

இனவொதுக்கல் வீழ்ந்த பின்னரும் மாற்றம் மெல்லவே வந்தது. இந்து முறைப்படி மட்டும் மணந்த ஒரு பெண்ணின் மணத்தைச் சட்டபூர்வ மணமாக ஏற்க 2007இல் நீதிமன்றமொன்று மறுத்தது. அடுத்த ஆண்டு டேர்பன் உயர் நீதிமன்றத்தின் முன் வேறொரு பெண் நின்றார். இந்து முறைப்படி மணந்த கணவர் மரணசாதனம் எழுதாது இறந்துவிட்டார், பதிவு இல்லை. சொத்துரிமைச் சட்டம் கூறும் ‘வாழ்க்கைத்துணை’ அப்பெண்ணே என்று அந்நீதிமன்றம் ஏற்றது. முஸ்லிம் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு மறுக்கப்பட்டு வந்தமை அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அறிவித்தது 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். சேர்லின் தீர்ப்பு வெளியாகி அப்போது நூற்றொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

மணமாகாதவர்களின் முறை

வரலாற்றின் விந்தை இங்குதான் இருக்கிறது. மணமான பெண்ணை மணமாகாதவள் என்று திருப்பியனுப்ப முனைந்த அதே நாடு, மணமாகாத இணைகளைக் குடிவரவுச் சட்டத்தில் வாழ்க்கைத்துணைவராக ஏற்றுக்கொண்டது. அதுவும் இந்து, முஸ்லிம் மணங்களுக்கு முறையான ஏற்புக் கிடைப்பதற்கு முன்னரே. 1999ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருபாலினத்தவரின் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் அவர்கள் மணம் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கவில்லை. மணம் செய்ய விடாமல் வைத்துவிட்டு, மணமாகவில்லையென்று கூறி நிரந்தர வதிவிட அனுமதியை மறுப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்று நீதிமன்றம் கண்டது. நிலையான வாழ்க்கைத் துணை என்ற சொற்களைச் சட்டத்தில் தானே சேர்த்தது. ஒருபாலின உறவு பற்றி வாசகர்களிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கும். ஆனால் அத்தீர்ப்பின் நியாயத்தை 1913இல் டேர்பனில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண் படித்திருந்தால், அது தனக்காகவே எழுதப்பட்டதென்று எண்ணியிருப்பாள்.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதே நீதிமன்றம், வெளிநாட்டுத் துணைவரைப் பிரித்து வைக்கும் அதிகாரத்தை எவ்வித வரையறையுமின்றி அதிகாரிகளிடம் விடுவது செல்லாது என்றது. 2002ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், சேர்ந்து வாழ்ந்து ஒருவரையொருவர் தாங்கும் நிலையான உறவிலுள்ளோரையும் ‘வாழ்க்கைத்துணை’ என்ற சொல்லுள் அடக்கியது. ஆண் பெண் இணைக்கும் ஒருபாலின இணைக்கும் இது பொருந்தும்.

அதிகாரியின் ஐயம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. 2014ஆம் ஆண்டின் விதிகள், அத்தகைய இணையர் விண்ணப்பத்துக்கு முன் இரண்டாண்டுகள் உறவில் இருந்திருக்க வேண்டும் என்றும், இருவரையும் ஒரே நேரத்தில் தனித்தனியே விசாரித்து உறவின் உண்மையை அறியலாம் என்றும் கூறின. மணமானவர்களும் இவ்வையத்துக்குத் தப்பியதில்லை. பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை, கையில் விவாகப் பதிவு இருந்தாலும், அம்மணத்தின் முதன்மை நோக்கம் குடியேறுவதன்று என்று விண்ணப்பிப்பவரே நிறுவ வேண்டியிருந்தது. அவ்விதியால் துணையைப் பிரிந்து ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோர் பெரும்பாலும் தெற்காசியக் குடும்பத்தினர்.

அகதிகளின் நிலை இவற்றிலிருந்து ஓரளவு வேறுபட்டது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை, ஓர் அகதி முன்னரே பெற்றிருந்த தனிநிலை உரிமைகளை, சிறப்பாகத் திருமணத்தால் வந்த உரிமைகளை, அடைக்கலம் தந்த நாடு மதிக்க வேண்டுமென்று கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப ஒன்றிணைவுப் பணிப்புரை இன்னும் தெளிவானது. உறவை நிறுவும் அரச பத்திரங்களைத் தர முடியாத அகதியிடமிருந்து வேறு சான்றுகளையும் கருத்திற் கொள்ள வேண்டும். பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்க முடியாது. டென்மார்க்கும் அயர்லாந்தும் இப்பணிப்புரைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. மணமாகாத துணையை ஏற்பதா என்பதை அப்பணிப்புரை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. கனடாவின் 2002ஆம் ஆண்டு விதிகளில், ஓராண்டு சேர்ந்து வாழ்ந்த இணையர் துணைவராகக் கொள்ளப்படுவர். துன்புறுத்தலின் காரணமாகச் சேர்ந்து வாழ இயலாது போனவர்களுக்கும், அவ்வுறவு ஓராண்டேனும் நீடித்திருப்பின், அவ்விதிகளில் இடமுண்டு.

ஆகவே பதிவுப் பத்திரம் கையில் இல்லாதவர்கள், முதல் விசாரணையிலேயே துணையின் பெயரையும், மணம் நடந்த கோயிலையும், நாளையும் மறைக்காமற் கூறிவிட வேண்டும். அன்று கூறாததைப் பின்னர் கூறினால் அதிகாரி ஐயுறுவார். மணத்தை நடத்திய குருக்களின் கடிதம், சாட்சியாக நின்ற உறவினரின் சத்தியக் கடதாசி, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், முகாமில் ஒரே குடும்பமாகப் பதியப்பட்ட அட்டை, பிரிந்திருந்த காலத்துக் கடிதங்கள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் ஆகியனவும் சான்றுகளே. அவற்றின் மூலப்படிகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மொழிபெயர்த்த பிரதிகளைச் சட்டத்தரணி மூலம் சமர்ப்பிப்பது நன்று.